பூமிக்கு நடுவுல ஒரு ஓட்டை: 42 நிமிஷமா, 38 நிமிஷமா?

இன்னிக்கு எபிசோடை ஒரு சின்ன வயசுக் கேள்வியில இருந்து ஆரம்பிக்கலாம். தரையைத் தோண்டிக்கிட்டே போனா எங்க போய் வெளிய வருவோம்? நியூசிலாந்துல சரியான இடம் பார்த்துத் தோண்டினா ஸ்பெயின்ல வரலாம். உலக உருண்டையில ரெண்டும் எதிரெதிர்ப் பக்கம். சரி, அந்தச் சுரங்கத்துல குதிச்சா?

1632-லேயே கலிலியோ இதை யோசித்துவிட்டார். பூமியின் மையம் வழியாகப் போகும் துளையில் ஒரு பீரங்கிக் குண்டைப் போட்டால், மையம் வரை அதன் வேகம் கூடும். அங்கே நிற்காமல் மறுபக்கம் ஏறி, எவ்வளவு விழுந்ததோ அவ்வளவு உயரும் என்று எழுதினார். 1687-ல் நியூட்டன் அதற்கான கணக்குக்கு வழி கொடுத்தார். சீரான அடர்த்தி உள்ள கோளத்துக்குள் மையத்தை நெருங்க நெருங்க, தூரம் குறையும் அதே விகிதத்தில் ஈர்ப்பும் குறையும். நாம படிச்ச சிம்பிள் ஹார்மோனிக் மோஷன்தான். காற்றும் உராய்வும் இல்லையென்றால் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு 42 நிமிடம்.

நானும் பரீட்சையில 42-னு எழுதி மார்க் வாங்கினவன்தான். ஆனா கேள்வியில "பூமியின் அடர்த்தி சீரானது எனக் கொள்க"ன்னு ஒரு வரி இருந்துச்சு. அதை ஒரு தடவைகூட யோசிச்சுப் பார்க்கல. இன்னிக்குக் கதையே அந்த ஒரு வரிதான்.

உண்மையில் சீரானதா? தோண்டிப் பார்த்தால் தெரிந்துவிடும் என்று நினைப்போம். சோவியத் யூனியன் தோண்டியது. 1970 மே மாதம், நார்வே எல்லைக்குப் பக்கத்தில் கோலா தீபகற்பத்தில் துளையிட ஆரம்பித்தார்கள். துளையின் அகலம் வெறும் 23 சென்டிமீட்டர். 1989-ல் 12,262 மீட்டரைத் தொட்டார்கள். அந்த ஆழத்தில் சுமார் 100 டிகிரி வெப்பம் இருக்கும் என்று எதிர்பார்த்தார்கள். இருந்ததோ 180. அந்தச் சூட்டில் பாறை இளகி, போட்ட ஓட்டையே மூடிக்கொள்ளப் பார்த்தது. அதோடு நிறுத்த வேண்டியதாகிவிட்டது. பூமியின் விட்டம் சுமார் 12,742 கிலோமீட்டர். அதாவது 1,000 பக்கப் புத்தகத்தில், 19 வருஷம் உழைத்தும் முதல் பக்கம் முடியவில்லை!

ஆனா நடுப் பக்கத்தை அதுக்கு 53 வருஷம் முன்னாடியே ஒருத்தர் படிச்சுட்டார். ஒரு அடிகூடத் தோண்டாம.

அவர் பெயர் இங்கே லேமன், டென்மார்க்கின் நிலநடுக்க ஆய்வாளர். 1929-ல் நியூசிலாந்தில் ஒரு பெரிய நிலநடுக்கம். அதன் அலைகள் பூமிக்குள்ளேயே பயணித்து உலகின் மறுபக்கக் கருவிகளில் பதிவாயின. பூமியின் நடுக்கரு முழுக்கத் திரவம் என்பது அன்றைய நம்பிக்கை. அது உண்மையென்றால் அலைகள் வளைந்து போய், ஒரு பெரிய பட்டையில் நேரடி அலைகளே வராத நிழல் விழ வேண்டும். ஆனால் அந்த நிழலுக்குள்ளும் மெல்லிய அலைகள் வந்திருந்தன. கருவின் ஓரத்தில் சிதறி வந்தவை என்று மற்றவர்கள் விளக்கம் சொல்லிவிட்டு நகர்ந்தார்கள். லேமன் நகரவில்லை. அவை வந்து சேர்ந்த நேரங்களைக் கணக்கிட்டு, திரவக் கருவுக்குள் இன்னொரு கரு இருக்கிறது என்று 1936-ல் எழுதினார். அதைத்தான் இன்று உட்கரு என்கிறோம். ஆரம் சுமார் 1,220 கிலோமீட்டர்.

இதைப் படிச்சப்ப எனக்குச் சுருக்குன்னு இருந்துச்சு. புரொடக்‌ஷன் சர்வர்ல பிரச்சினைன்னா நாங்க உள்ள போய்ப் பார்க்க முடியாது, லாக் மட்டும்தான் கையில. ஒரு தடவை லாக்ல சில ரிக்வெஸ்ட் மட்டும் லேட்டா வந்துச்சு. "நெட்வொர்க் நாய்ஸ்"னு டிக்கெட்டை மூடிட்டேன். ரெண்டு வாரம் கழிச்சு மொத்தமா படுத்துருச்சு. பதில் அந்த லேட்டான வரிகள்லயே இருந்திருக்கு. லோடு எல்லா சர்வருக்கும் சமமா போகுதுன்னு நானா நினைச்சுக்கிட்டேன். என்னோட "சீரானது எனக் கொள்க" அதுதான்.

சரி, அந்தக் குண்டுக்கு என்ன ஆச்சு? 2015-ல் அலெக்சாண்டர் க்ளாட்ஸ் என்ற இயற்பியலாளர், நிலநடுக்க அலைகள் சொன்ன உண்மையான அடர்த்தியைப் போட்டு மறுபடி கணக்கிட்டார். நடுப்பகுதியின் அடர்த்தி மிக அதிகம் என்பதால், பாதி தூரம் இறங்கினாலும் ஈர்ப்பு பெரிதாகக் குறைவதில்லை. அதனால் பயணம் 42 அல்ல, சுமார் 38 நிமிடம்.

அந்த நாலு நிமிஷ வித்தியாசத்துக்குள்ள ஒரு நூற்றாண்டு நிலநடுக்கப் பதிவுகள் இருக்கு. ஸ்பெயினுக்குச் சுரங்கம் இன்னும் யாரும் போடல. ஆனா நியூசிலாந்துல பூமி குலுங்கினா, அந்த அலை நடுக்கரு வழியா மறுபக்கம் போய்ச் சேர 20 நிமிஷம்தான் ஆகுது. நம்ம குண்டை விட வேகம்!

அடுத்த எபிசோட்ல பார்க்கலாம் மக்களே. அதுவரை, நாய்ஸ்னு நினைச்சு மூடின டிக்கெட் ஏதாவது இருந்தா ஒருவாட்டி திறந்து பாருங்க.