உமரி என்பது ஒரு செடியல்ல

மாரி ஓய்ந்து உவர்நிலம் காயும் காலத்தில், யாழ்ப்பாணக் கடல்நீரேரி ஓரங்களிலும் மன்னாரிலும் சிவந்து கிடக்கும் சதைப்பற்றான செடிகளைப் பலரும் ‘உமரி’ என்றே அழைக்கின்றனர். அந்த ஒரு பெயருக்குள் பல இனங்கள் உள்ளன. உவர் கூடும்போது அவற்றில் பலவும் சிவப்பதால் நிறத்தை நம்ப முடியாது. இலையையும் கணுவையும் பார்க்க வேண்டும்.

சுவேடா: சதைப்பிடிப்பான இலைகள் தண்டில் மாறிமாறி அமைந்திருக்கும். சுவேடா மரிட்டிமா சிறு பூண்டு. சுவேடா மொனோய்க்கா ஆளுயரத்தையும் தாண்டும் புதர்.

சலிக்கோர்னியா: இலையே இல்லாததுபோல் தோன்றும். தண்டு மணி கோத்ததுபோல் கணுக்கணுவாக இருக்கும். கிளைகள் எதிரெதிராகப் பிரியும். ஓராண்டுச் செடி.

டெக்டிகோர்னியா: இதுவும் கணுத்தண்டுடையதே. ஆனால் பல்லாண்டு வாழ்வதால் அடித்தண்டு கட்டையாகியிருக்கும்.

செசூவியம்: தரையில் படரும். எதிரெதிர் இலைகளும் இளஞ்சிவப்புப் பூவும் கொண்டது. உமரிபோலத் தோன்றினாலும் வேறு குடும்பத்தைச் சேர்ந்தது.

இளந்தளிரைக் கறிக்கு ஆய்வோர் முதலில் செடியைச் சரியாக இனங்காண வேண்டும். எந்த இனமாயினும் உப்பு மிகுதி என்பதால், அவித்த நீரை ஊற்றிவிட்டே சமைக்க வேண்டும். இரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு இது சிறிய விடயமல்ல.