கூன் நிமிர்ந்த கதை



பள்ளியில் படித்த நாளில் எனக்கு ஒரு பெருங்குறை இருந்தது. வயதுக்கு மிஞ்சிய உயரமே அந்தக் குறை. பதினான்கு வயதில் என் வகுப்பிலிருந்த எல்லோரையும்விட ஒரு சாண் உயர்ந்து நின்றேன். உயரம் ஒரு பெருமை என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. 'பனைமரம்' என்றுதான் சொன்னார்கள். ஆகவே உயரத்தை மறைக்கக் கற்றுக்கொண்டேன். தோளைக் குறுக்கினேன், கழுத்தை முன்னே நீட்டினேன், முதுகை வளைத்தேன். இரண்டே ஆண்டுகளில், நான் விரும்பி வரவழைத்த கூன், என் விருப்பத்தைக் கேளாமலே என்னோடு தங்கிவிட்டது.

எங்கள் ஆசிரியர் ஒருவர் வரிசைகளுக்கு இடையே நடந்து வரும்போதெல்லாம் அளவுகோலை என் முதுகில் வைத்து, "நிமிர்!" என்பார். நிமிர்வேன். அவர் அடுத்த வரிசைக்குச் செல்வதற்குள் பழைய நிலைக்கே திரும்பிவிடுவேன். வகுப்பு சிரிக்கும். சிரிப்பைக் கேட்டதும் இன்னும் சற்றுக் குறுகிப்போவேன். அவர் மீது எனக்கு இன்று மனத்தாங்கல் இல்லை. அவர் சொன்னது சரியே. ஆனால் சொன்ன முறையில் எதுவோ ஒன்று குறைந்திருந்தது. அது என்ன என்பதை, நாற்பது வயதுக்கு மேல் முதுகுவலிக்காக மருத்துவம் செய்துகொள்ளச் சென்ற இடத்தில்தான் அறிந்தேன். அங்கே எனக்குக் கற்பித்த பயிற்சிகளுக்குப் 'பிலாட்டீஸ்' என்று பெயர். வரலாறு படித்தவன் அல்லவா? பெயர் எங்கிருந்து வந்தது என்று தேடத் தொடங்கினேன்.

அது ஒரு மனிதரின் பெயர். ஜோசப் பிலாட்டீஸ் என்பவர் 1883ஆம் ஆண்டு டிசம்பர் 9ஆம் நாள், ஜெர்மனியின் மேற்குப் பகுதியிலுள்ள மன்சன்கிளாட்பாக் என்னும் ஊரில் பிறந்தார். இளமையில் அவர் நோஞ்சான் பிள்ளை. ஈளை நோயும், எலும்பை வளைக்கும் கணைநோயும், முடக்குக் காய்ச்சலும் அவரை வாட்டின என்று அவருடைய வரலாற்றைச் சொல்லுவோர் கூறுவர். போதாக்குறைக்கு அவருடைய பெயரும் அவருக்குப் பகையாயிற்று. ஏசுநாதரைச் சிலுவையில் அறையத் தீர்ப்பளித்த பொந்தியு பிலாத்துவை நீங்கள் அறிவீர்கள். அந்தப் பெயரைச் சொல்லித் தெருப் பிள்ளைகள் இந்தச் சிறுவனை ஏசினார்களாம். மெலிந்த உடல், பழிக்கப்பட்ட பெயர். ஒரு பிள்ளை குன்றிப்போவதற்கு இவை போதும்.

அக்காலத்து ஜெர்மனியில் உடற்பயிற்சி ஒரு தேசிய இயக்கமாகவே இருந்தது. 1811இல் பெர்லின் நகரின் புறத்தே பிரீட்ரிக் லூட்விக் யான் என்பவர் திறந்தவெளிப் பயிற்சிக்களம் ஒன்றை அமைத்தார். நெப்போலியனிடம் தோற்ற நாட்டின் இளைஞரை வலியவர்களாக்க வேண்டும் என்பது அவர் கருத்து. அவருக்குப் பின் ஊர்தோறும் பயிற்சிக் கழகங்கள் எழுந்தன. அந்த மரபிலே பிலாட்டீஸ் வளர்ந்தார். கழகப் பயிற்சி, குத்துச்சண்டை, உடல் கட்டுதல் என்று கிடைத்ததையெல்லாம் கற்றார். உடற்கூற்றைப் படித்தார், விலங்குகள் அசைவதையும் சோம்பல் முறிப்பதையும் கூர்ந்து நோக்கினார். நோஞ்சான் பிள்ளை பதின்மூன்று, பதினான்கு வயதில் உடற்கூற்றுப் படங்களுக்கு மாதிரியாக நிற்கும் அளவுக்குத் தேறிவிட்டான் என்பர்.

ஏறத்தாழ 1912இல் அவர் இங்கிலாந்துக்குச் சென்றார். குத்துச்சண்டை, வித்தைக் கூடம் என்று பிழைப்பு நடந்தது. 1914இல் உலகப் போர் மூண்டது. இங்கிலாந்திலிருந்த ஜெர்மானியர் ஒரே நாளில் பகை நாட்டார் ஆனார்கள். பிலாட்டீசும் சிறைப்பட்டார்; பின்னர் ஐரிஷ் கடலின் நடுவே மான் தீவிலுள்ள நாக்கலோ முகாமுக்கு அனுப்பப்பட்டார்.

இந்த முகாமைப்பற்றி நான் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். என் எண்ணத்தில், அந்தப் பயிற்சிமுறை பிறந்த இடம் இதுதான். ஒரு காலத்தில் அங்கே இருபத்து மூவாயிரம் பேருக்கு மேல் அடைபட்டிருந்தார்கள். அவர்கள் போர்வீரர்கள் அல்லர். முடிதிருத்துவோர், உணவுவிடுதிப் பணியாளர், கப்பலோட்டிகள், வணிகர்கள். குற்றம் ஏதும் செய்யாதவர்கள். மரத்தாலான நீண்ட கொட்டகைகள்; சுற்றிலும் முள்வேலி; ஓயாத காற்று; மழை பெய்தால் சேறு. விசாரணை இல்லை, தண்டனைக் காலம் என்று ஒன்று குறிக்கப்படவும் இல்லை. எப்போது விடுதலை என்று தெரியாத சிறை, தெரிந்த சிறையைவிடக் கொடியது. இத்தகைய முகாம்களில் வாடியவர்களுக்கு நேரும் மனச்சோர்வை ஆராய்ந்த விஷர் என்ற சுவிட்சர்லாந்து மருத்துவர், 1918இல் அதற்கு 'முள்வேலி நோய்' என்றே பெயரிட்டார். எதிலும் மனம் பற்றாமை, எளிதில் சினம், நினைவு மங்கல், முடிவின்றி வேலியோரம் நடத்தல் ஆகியவை அதன் அறிகுறிகள்.

இந்த இடத்திலேதான் பிலாட்டீஸ் தம்மோடு இருந்தவர்களுக்குப் பயிற்சி கற்பித்தார். கருவி இல்லை; களமும் இல்லை. ஒரு மனிதன் படுக்கும் அளவு தரை இருந்தது. ஆகவே தரையில் படுத்தே செய்யும் பயிற்சிகளை வகுத்தார். எழ முடியாத நோயாளிகளுக்காகக் கட்டில்களில் சுருள்வில் கம்பிகளைக் கட்டிக் கைகால்களை இழுத்துப் பழகச் செய்தார் என்றும், அவருடைய பிற்காலக் கருவிகளுக்கு அதுவே வித்து என்றும் கூறுவர். 1918இல் உலகையே சூறையாடிய நச்சுக் காய்ச்சலில் அவரிடம் பயின்றவர்களில் ஒருவர்கூட இறக்கவில்லை என்று ஒரு கதையும் உண்டு. அதை நான் வரலாற்றில் சேர்ப்பதில்லை. பெரியவர்களுடைய வாழ்க்கையைச் சுற்றி இப்படிப்பட்ட கொடிகள் படர்வது இயல்பு. அந்தக் கதை இல்லாமலே அந்த மனிதர் செய்த காரியம் பெரிது. உடைமையும் உரிமையும் பறிக்கப்பட்டவனிடம் எஞ்சியிருப்பது அவன் உடல் ஒன்றுதான். அதையாவது அவன் ஆளட்டும் என்று எண்ணினாரே, அது போதும். தம் முறைக்குப் பின்னாளில் அவர் சூட்டிய பெயர் 'கன்ட்ராலஜி' என்பது. 'தன்னை ஆளும் கலை' என்று நாம் அதற்குப் பொருள் கொள்ளலாம். ஒரு சிறைமுகாமில் வளர்ந்த கலைக்கு அந்தப் பெயர் வாய்த்ததில் எனக்கு வியப்பில்லை.

போர் முடிந்து ஜெர்மனிக்குத் திரும்பியவர், 1926இல் அமெரிக்காவுக்குப் புறப்பட்டார். நியூயார்க் நகரில் எட்டாவது அவென்யூவில் 939ஆம் எண்ணுள்ள கட்டடத்தில் பயிற்சிக்கூடம் திறந்தார். கிளாரா என்னும் அம்மையார் அவருக்கு வாழ்க்கைத் துணையாகவும் கற்பிப்பதில் துணையாகவும் அமைந்தார். பொறுமையில் அவரினும் கிளாராவே சிறந்த ஆசிரியர் என்று அங்குப் பயின்றோர் சிலர் நினைவுகூர்ந்திருக்கிறார்கள். அந்தச் சுற்றுவட்டாரத்தில் நடனக் கூடங்கள் மிகுதி. காலிலும் இடுப்பிலும் அடிபட்ட நடனக்காரர்கள் படியேறி வந்தார்கள். ஜார்ஜ் பாலன்சின், மார்த்தா கிரகாம் போன்ற பேராசான்கள் தம் மாணவர்களை அனுப்பினார்கள். நம் நாட்டுக்கு 1926இல் வந்து ஆடிச் சென்ற ரூத் செயின்ட் டெனிஸ், டெட் ஷான் ஆகியோருக்கும் அவரோடு தொடர்பு இருந்தது.

இனி, அந்த முறையின் உள்ளே சற்று நுழைந்து பார்ப்போம். நம் வீடுகளில் குழந்தைக்குத் 'தலை நின்றுவிட்டதா' என்று பாட்டிமார் கேட்பதைக் கேட்டிருப்பீர்கள். பிறந்த குழந்தையின் முதுகெலும்பு ஒரே வளைவாக, கருவில் சுருண்டிருந்த வடிவிலேயே இருக்கிறது. தலை நிற்கும்போது கழுத்து வளைவு அமைகிறது. எழுந்து நடக்கும்போது இடுப்பு வளைவு அமைகிறது. எனவே நிமிர்ந்து நிற்றல் என்பது கோல்போல் விறைத்து நிற்பதன்று. இந்த வளைவுகள் ஒன்றையொன்று சமன் செய்து, தலையின் பாரம் நேரே இடுப்புக்கு இறங்குமாறு நிற்பதே நிமிர்தல். வளர்ந்தவர் தலை ஏறக்குறைய ஐந்து கிலோ எடையுள்ளது. அது தோளுக்கு நேரே இருந்தால் எலும்பு தாங்கும். முன்னே நீண்டுவிட்டால் கழுத்தின் பின்தசைகள் ஓயாமல் இழுத்துப் பிடிக்க வேண்டும். பிடித்துப் பிடித்து அவை நோகும்.

"தோளைப் பின்னுக்குத் தள்ளு" என்று மட்டும் சொன்னால் அது நிலைக்காது. கூடாரத்தின் உச்சியைப் பிடித்து நிறுத்த முயல்வது போன்றது அது, நடுக்கம்பம் சாய்ந்திருக்கிறதே! பிலாட்டீஸ் நடுவிலிருந்து தொடங்கினார். வயிற்றின் ஆழத்திலே குறுக்காக ஒரு தசை, கச்சை கட்டியதுபோல் இடுப்பைச் சுற்றி அணைத்திருக்கிறது. அதனோடு முதுகின் சிறு தசைகளும், கீழே இடுப்புத் தளமும், மேலே மூச்சை இயக்கும் உதரவிதானமும் சேர்ந்து உடலின் நடுவைக் காக்கின்றன. இவற்றை எழுப்பிவிட்டால் மேலுள்ளது தானே நிமிரும். இதுவே அவர் கண்ட வழி.

அவருடைய முதற் பயிற்சிக்கு 'நூறு' என்று பெயர். மல்லாந்து படுத்து, தலையைச் சற்றே உயர்த்தி, கால்களை நீட்டித் தரையிலிருந்து தூக்கி, கைகளை உடலோரம் மேலும் கீழும் சிறிதளவே அசைக்க வேண்டும். ஐந்து எண்ணிக்கை மூச்சை இழுத்தல், ஐந்து எண்ணிக்கை விடுதல். இப்படிப் பத்துச் சுற்று. கேட்க எளிது. முதல் நாள் நான் நாற்பதைத் தாண்டவில்லை. முதுகுவலி உள்ளவர்கள் கற்றவர் துணையின்றி இதைத் தொடங்க வேண்டாம் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். 1945இல் வில்லியம் ஜான் மில்லர் என்பவரோடு சேர்ந்து அவர் எழுதிய நூலில் இத்தகைய பயிற்சிகள் 34 உள்ளன. நூறு முறை செய் என்று அவர் சொல்லவில்லை. சிலவே முறை, ஆனால் முழுக் கவனத்தோடு செய் என்றார்.

அவர் சொன்னவை அனைத்தும் சரியல்ல. குழந்தையின் முதுகுபோல் பெரியவர் முதுகும் வளைவின்றித் தட்டையாக இருக்க வேண்டும் என்று அவர் கருதினார். இன்றைய உடலியல் அதை ஏற்பதில்லை. அவர் வழி வந்த ஆசிரியர்களே பலர் அதைத் திருத்திக் கற்பிக்கிறார்கள். தம் முறை எல்லா நோயையும் தீர்க்கும் என்பதுபோல அவர் பேசியதும் உண்டு. 2015இல் இடுப்புவலி பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து ஆராய்ந்தவர்கள், இப்பயிற்சி ஓரளவு வலியைக் குறைக்கிறது, ஆயினும் பிற உடற்பயிற்சிகளைவிட இது மேலானது என்பதற்கு உறுதியான சான்று இல்லை என்று கண்டார்கள். இது நடுநிலையான தீர்ப்பு என்றே நான் நினைக்கிறேன்.

தன்னம்பிக்கைக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று கேட்பீர்கள். நம் மொழி இந்தத் தொடர்பை நெடுங்காலமாகவே அறியும். மானத்தோடு வாழ்தலைத் 'தலைநிமிர்ந்து வாழ்தல்' என்கிறோம். இழிவைத் 'தலைகுனிவு' என்கிறோம். வில்லியம் ஜேம்ஸ் என்னும் அமெரிக்க அறிஞர் 1884இல் எழுதிய கட்டுரை ஒன்றில், உடலின் மாற்றம் முந்துகிறது, அதை உணர்வதே மனவெழுச்சி என்று வாதிட்டார். இதைப் பற்றிக்கொண்டு சிலர் மிகைப்படுத்தியதும் உண்டு. இரண்டு நிமிடம் கைகளை விரித்துக் கம்பீரமாக நின்றால் இரத்தத்திலுள்ள சுரப்புகளே மாறிவிடும், துணிவு வந்துவிடும் என்று 2010இல் மூவர் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். உலகமே கைதட்டியது. பின்னர் 2015இல் மேலும் பலரை வைத்துச் செய்த சோதனையில், சுரப்புகளில் மாற்றம் எதுவும் தென்படவில்லை. 2016இல் அம்மூவரில் முதல்வரே தம் முடிவைக் கைவிட்டார். நிமிர்ந்து நிற்பவர் தம்மைச் சற்று வலியவராக உணர்கிறார் என்ற அளவே எஞ்சியது.

நிமிர்வைக் கொண்டு மனிதரை அளக்கப் புகுந்தவர்களும் இருந்தார்கள். சென்ற நூற்றாண்டில் அமெரிக்காவின் புகழ்பெற்ற கல்லூரிகள் பலவற்றில், புதிதாகச் சேர்ந்த மாணவ மாணவியரை ஆடை களைந்து நிறுத்தி, அவர்கள் நிற்கும் கோலத்தைப் படம் பிடித்தார்கள். கோணல் இருந்தால் திருத்த வகுப்புக்கு அனுப்பினார்கள். பல ஆண்டுகள் கழித்தே அவ்வழக்கம் ஓய்ந்தது. 1995இல் நாளிதழ் ஒன்றில் அது விரிவாக வெளிவந்தபின், எஞ்சிய படங்களில் சில அழிக்கப்பட்டன. அந்தப் படங்களுக்கு நின்ற இளைஞருக்குத் தன்னம்பிக்கை வளர்ந்திருக்குமா? என் முதுகில் வைத்த அளவுகோல் நினைவுக்கு வந்தது எனக்கு. என் ஆசிரியர் நிமிரச் சொன்னார். நிமிர்வதற்குரிய வலுவை எப்படிப் பெறுவது என்று சொல்லவில்லை. அவருக்கும் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

ஆல்பர்ட் பண்டூரா என்ற உளநூலார் 1977இல் எழுதியதைப் படித்தபோது எனக்கு ஒரு தெளிவு பிறந்தது. 'என்னால் முடியும்' என்ற எண்ணத்துக்கு முதன்மையான ஊற்று, ஒரு காரியத்தைத் தானே செய்து முடித்த அனுபவம் என்று அவர் காட்டினார். பிறர் புகழ்ச்சி அதற்கு அடுத்ததுதான். நேற்று நாற்பதோடு நின்ற நான் இன்று ஐம்பதை எண்ணினேன் என்றால், அதைக் காண்பவர் எவரும் இல்லை, சிரிப்பவரும் இல்லை. அந்தப் பத்து என்னுடையது. முள்வேலிக்குள் ஒரு கொட்டகையில் படுத்து எண்ணிய மனிதனுக்கும் அப்படித்தான் இருந்திருக்கும்.

மருத்துவ உலகம் தம்மை ஏற்கவில்லை என்ற குறை பிலாட்டீசுக்குக் கடைசிவரை இருந்தது. மூச்சைப்பற்றி அவ்வளவு கற்பித்தவர் சுருட்டுப் பிடிப்பார். நுரையீரல் நோயால் 1967 அக்டோபரில் தமது 83ஆம் வயதில் மறைந்தார். மனிதர்கள் இப்படித்தான். கிளாரா அம்மையாரும் மாணவர்களும் கூடத்தைத் தொடர்ந்து நடத்தினார்கள். அந்தப் பெயர் யாருக்குச் சொந்தம் என்று பின்னர் ஒரு வழக்கு எழுந்தது. யோகம், கராத்தே என்பனபோல அதுவும் ஒரு பயிற்சியின் பொதுப்பெயரே, எவரும் அதற்குத் தனியுரிமை கொண்டாட முடியாது என்று 2000ஆம் ஆண்டில் நியூயார்க் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தெருப் பிள்ளைகள் ஏசிய பெயர், உலகெங்கும் பயிற்சிக்கூடங்களின் வாயிலில் இன்று எழுதப்பட்டிருக்கிறது.

நான் நூறை எட்ட ஏழு வாரம் ஆயிற்று. அதற்குச் சில திங்கள் கழித்து, சட்டை தைக்கக் கொடுத்திருந்த தையற்காரர் மீண்டும் அளவெடுத்துப் பார்த்து, "முதுகுப் பக்கம் முன்னே வெட்டின அளவு இப்ப சரியா வராதுங்க" என்றார். அன்று கடையிலிருந்து வீடுவரை நடந்தே வந்தேன்.