அச்சம் தணிதலும் மன அழுத்தமும்

அச்சம் தணிதல் என்பது, முன்பு ஆபத்தோடு இணைந்திருந்த ஓர் ஒலியோ இடமோ இப்போது தீங்கு தராது என மூளை கற்றுக்கொள்வதாகும். கடும் மன அழுத்தம் இக்கற்றலைத் தடுக்கிறது. இதனை விளக்கும் ஆய்வு வரலாற்றில் பெங்களூருக்கும் முக்கிய இடம் உண்டு.

பாவ்லவின் நாய்கள்

ரஷ்ய உடலியல் அறிஞர் இவான் பாவ்லவ், ஓர் ஒலியை உணவோடு சேர்த்து அளித்து, அவ்வொலி கேட்டதுமே நாய்க்கு உமிழ்நீர் சுரக்கும்படி பழக்கினார். உணவின்றி ஒலியை மட்டும் பலமுறை எழுப்பியபோது சுரப்பு நின்றது. ஓய்வுக்குப் பின் மீண்டும் தோன்றியது. பழைய கற்றல் அழியவில்லை, புதிய கற்றலால் அடங்கியிருந்தது என்பதே இதன் பொருள். அச்சத்துக்கும் இது பொருந்தும்.

1924-இல் லெனின்கிராடு பெருவெள்ளத்தில் கூண்டுகளில் சிக்கிய அவரது நாய்கள் நீந்தவைத்து மீட்கப்பட்டன. சில நாய்கள் பழகியவற்றை இழந்தன. ஒரு நாய் தேறிய பின்பும், கதவின் அடியில் கசிந்து வந்த நீரைக் கண்டதும் மறுபடி நிலைகுலைந்தது.

மூளையில் நிகழும் மாற்றம்

அச்சத்தைக் கற்பதில் அமிக்டலாவும், அதனை அடக்குவதில் முன்நெற்றிப் புறணியும், சூழலை நினைவில் வைப்பதில் ஹிப்போகாம்பஸும் பங்கு வகிக்கின்றன.

பெங்களூர் தேசிய உயிரியல் அறிவியல் மையத்தின் சுமந்த்ரா சட்டர்ஜி குழுவினர், எலிகளை நாளுக்கு 2 மணி நேரம் வீதம் 10 நாட்கள் அசையவிடாமல் வைத்தனர். ஹிப்போகாம்பஸில் நரம்பணுக் கிளைகள் சுருங்கின, அமிக்டலாவிலோ வளர்ந்தன. இம்முடிவு 2002-இல் வெளியானது. 21 நாள் ஓய்வு கொடுத்தும் அமிக்டலாவின் மாற்றமும் பதற்றமும் நீங்கவில்லை என 2004-இல் அதே ஆய்வகம் காட்டியது.

2006-இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வில், தப்ப வழியின்றி நீரில் நீந்த விடப்பட்ட சுண்டெலிகளின் முன்நெற்றிப் புறணியில் கிளைகள் சுருங்கின. அச்சம் தணிவதும் தடைப்பட்டது. அதாவது, அழுத்தம் அச்சத்தின் பக்கத்தை வலுவாக்கி, அதனை அடக்கும் பக்கத்தைத் தளர்த்துகிறது.

முக்கியத்துவம்

விலங்குகளில் கண்டதை மனிதருக்கு அப்படியே பொருத்த இயலாது. எனினும் 26 டிசம்பர் 2004 ஆழிப்பேரலைக்குப் பின் நாகப்பட்டினக் கரையில் எழுந்த கேள்வியை இது தெளிவாக்குகிறது. வீட்டையும் உறவையும் இழந்தவரிடம் கடலைக் கண்டு அஞ்சாதே என்று சொல்வதால் மட்டும் அச்சம் நீங்காது. தங்க இடம், வருமானம், துணை ஆகியவை அழுத்தத்தைக் குறைக்கின்றன. அதன்பின் சிறிது சிறிதாகக் கரையை அணுகிப் பழகுவதே பயன் தரும். பழைய அச்சம் எப்போதாவது தலைகாட்டினால், அது கோழைத்தனமன்று, மூளையின் இயல்பு.