அரைவாழ்வும் தொலைவும்: கதிரியக்க அடையாளமிட்ட வெள்ளணுக்களைப் பின்தொடர்ந்த வரலாறு

ஆய்வுச்சுருக்கம்

நோயாளியின் வெள்ளணுக்களைப் பிரித்தெடுத்து, கதிரியக்க அடையாளமிட்டு, மீண்டும் உடலில் செலுத்தி, அவை சென்று சேரும் இடத்தை ஸ்கேன் கருவியால் காணும் முறையின் வளர்ச்சியை இக்கட்டுரை ஆராய்கிறது. இம்முறை எங்கெங்கு பரவ இயலும் என்பதை முடிவு செய்ததில் கருவிகளைவிட ஐசோடோப்புகளின் அரைவாழ்வுக்கும் அவை கடக்கவேண்டிய தொலைவுக்கும் பெரும்பங்கு உண்டு என்பது கட்டுரையின் கருத்து.

திறவுச்சொற்கள்: வெள்ளணுக்கள், அணு மருத்துவம், இண்டியம், டெக்னீசியம், வடசென்னை

முன்னுரை

இராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் ஆகியவை துறைமுகமும் தொழிற்சாலைகளும் சூழ்ந்த வடசென்னைப் பகுதிகள். இயந்திரங்களால் நேரும் காயங்கள் இப்பகுதி மருத்துவத்தின் நெடுநாள் சிக்கலாகும். மக்கள் ‘கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி’ என வழங்கும் ஸ்டான்லி மருத்துவமனையில், பேராசிரியர் ஆர். வெங்கடசாமி 1970களில் கை அறுவை மருத்துவத்தைத் தனித்துறையாக வளர்த்ததை இப்பின்னணியில் காணவேண்டும். முறிந்த எலும்பை உலோகத் தகட்டால் இணைத்தபின் வலி நீடித்தால், அது காயம் ஆறும்போது தோன்றும் இயல்பான அழற்சியா, எலும்பில் பற்றிய கிருமித்தொற்றா என்ற வினா எழும். தகட்டை அகற்றுவதா, விட்டுவைப்பதா என்பது அதன் விடையைப் பொறுத்தது. கிருமி உள்ள இடத்தை நாடிச் செல்லும் வெள்ளணுக்களையே தடயமாகக் கொள்வது, இவ்வினாவுக்கு அணு மருத்துவம் கண்ட வழிகளுள் ஒன்று.

விலங்கிலிருந்து நோயாளிக்கு

உயிருள்ள ஒன்றின் உள்ளே ஒரு பொருள் செல்லும் வழியைக் கதிரியக்கத்தால் அறியலாம் என்பதை ஹெவெசி 1923இல் அவரைச் செடிகளில் கதிரியக்க ஈயத்தைச் செலுத்திக் காட்டினார். ஆக்ஸ்ஃபோர்டில் ஜேம்ஸ் கவன்ஸ், அடையாளமிட்ட நிணநீர் அணுக்களைக் கொண்டு, அவை இரத்தத்திற்கும் நிணநீருக்கும் இடையே மீண்டும் மீண்டும் சுற்றிவருவதை எலிகளில் நிறுவினார். எனினும் திசுவை வெட்டியெடுத்துப் பார்க்கும் அம்முறை நோயாளிக்குப் பொருந்தாது. அணுக்களை உடலுக்கு வெளியிலிருந்தே காண, ஊடுருவி வெளிவரும் காமாக் கதிர் தேவைப்பட்டது.

1976இல் மெக்காஃபியும் இந்தியாவில் பிறந்த தாக்கூரும் இண்டியம்-111 ஆக்சின் என்னும் சேர்மத்தால் வெள்ளணுக்களை அடையாளமிடலாம் எனக் காட்டினர். கொழுப்பில் கரையும் இச்சேர்மம் அணுவின் உறையைக் கடக்கும். உள்ளே இண்டியம் பிரிந்து புரதங்களோடு பிணையும். 1977இல் மனிதர்களில் இதன் பயன்பாடு வெளியிடப்பட்டது. தாக்கூர் பணியாற்றிய இலண்டன் ஹேமர்ஸ்மித் மருத்துவமனை வளாகத்தில் 1955 முதலே சைக்ளோட்ரான் இயங்கியது கருதத்தக்கது. இண்டியம்-111 சைக்ளோட்ரானில் விளைவது; அதன் அரைவாழ்வு 2.8 நாள்.

பயணம் செய்யும் ஐசோடோப்பு

1986இல் டெக்னீசியம்-99எம் கொண்டு அடையாளமிடும் முறை வந்தது. இதன் அரைவாழ்வு 6 மணிநேரமே. ஆயினும் 66 மணிநேர அரைவாழ்வுடைய மாலிப்டினம்-99 அடங்கிய கலத்திலிருந்து இதனை மருத்துவமனையிலேயே நாள்தோறும் பிரித்தெடுக்கலாம். கறவைப் பசுவை ஒத்த இக்கலம் தொலைவுச் சிக்கலைப் பெரிதும் தளர்த்தியது. மும்பையிலுள்ள கதிரியக்கம் மற்றும் ஐசோடோப்புத் தொழில்நுட்ப வாரியம் இந்திய மருத்துவமனைகளுக்கு இத்தகைய பொருள்களை வழங்கிவருகிறது. சைக்ளோட்ரான் இல்லாத ஊரும் இதனால் இம்முறைக்கு உரியதாயிற்று.

சண்டிகர் ஆய்வு

சண்டிகர் முதுகலை மருத்துவக் கல்வி ஆராய்ச்சி நிறுவனத்தார் ஃபுளூரின்-18 ஏற்றிய குளுக்கோஸ் ஒப்புப்பொருளால் வெள்ளணுக்களை அடையாளமிட்டனர். கடுங்கணைய அழற்சியில் தேங்கும் நீரில் கிருமித்தொற்று உள்ளதா என்பதை அவற்றைக் கொண்டு பெட் ஸ்கேனில் ஆராய்ந்து 2014இல் வெளியிட்டனர். அப்பொருளை நேரே செலுத்தினால், சர்க்கரையை மிகுதியாக நுகரும் திசுக்கள் யாவும் ஒளிரும். அணுக்களில் ஏற்றிச் செலுத்தினால், அணுக்கள் திரளும் இடம் தனித்துத் தெரியும். படத்தின் தெளிவும் கூடுகிறது. ஆனால் ஃபுளூரின்-18இன் அரைவாழ்வு 110 நிமிடமே. அணுக்களைப் பிரித்து அடையாளமிடும் நேரத்திலேயே கதிரியக்கத்தில் பெரும்பகுதி தேய்ந்துவிடும். ஹேமர்ஸ்மித்தில் இருந்த அண்மைத் தேவை இங்கு மீண்டும் தலைதூக்குகிறது.

முடிவுரை

இவ்வரலாற்றைக் கண்டுபிடிப்புகளின் ஆண்டு வரிசையாக மட்டும் எழுதினால், புதியது பழையதை வென்றது என்ற தோற்றமே கிட்டும். அரைவாழ்வை அளவுகோலாகக் கொண்டால் வேறொரு ஒழுங்கு புலப்படுகிறது: தெளிவான படத்தைத் தரும் பெட் முறை ஐசோடோப்பின் பிறப்பிடத்தை விட்டு அகல இயலாதது, தெளிவு குறைந்த டெக்னீசியம் முறையோ நெடுந்தொலைவு செல்லவல்லது. ஸ்கேன் கருவி இருப்பதனாலேயே ஒரு மருத்துவமனை இச்சோதனையைச் செய்துவிட முடியாது. தூய்மையான அணுப்பிரிப்புக் கூடம், பயின்ற கைகள், ஒருவர் குருதி மற்றவருக்குச் சென்றுவிடாத கண்காணிப்பு, உரிய நேரத்தில் வந்துசேரும் ஐசோடோப்பு ஆகிய நான்கும் ஒருங்கே அமையவேண்டும். தகடு பொருத்திய கையோடு காத்திருக்கும் தொழிலாளிக்கு இம்முறை எட்டுமா என்பதை இந்நான்குமே தீர்மானிக்கின்றன.