ஞானப்பல்லை கட்டாயம் பிடுங்கணுமா? எப்போது எடுக்க வேண்டும், எப்போது விட்டுவிடலாம்? முழு விவரம்

காலேஜ் படிக்கும் வயதிலோ, வேலைக்குச் சேர்ந்த புதிதிலோ திடீரென ஒருநாள் கடைவாய் மூலையில் வலி கிளம்பும். வாயைச் சரியாகத் திறக்க முடியாது. இட்லியைக்கூட மென்று விழுங்க முடியாது. வலி காது வரைக்கும் இழுக்கும். மெடிக்கல் ஷாப்பில் மாத்திரை வாங்கிப் போட்டால் நாலு நாளில் அடங்கிவிடும். இரண்டு மாதம் கழித்து அதே இடத்தில் மறுபடியும் வலி.

"ஞானப்பல் முளைக்குது, அப்படித்தான் இருக்கும், விடு" என்பார் வீட்டில் ஒருவர். "உடனே போய் பிடுங்கிடு" என்பார் இன்னொருவர். "பிடுங்கினா கண் பார்வை போயிடும்" என்று பயமுறுத்துவார் மூன்றாமவர். இதில் யார் பேச்சைக் கேட்பது? ஞானப்பல் பற்றி நாம் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயங்கள் இதோ.

ஞானப்பல் என்றால் என்ன?

பெரியவர்களுக்கு மொத்தம் 32 பற்கள். மேல் தாடையில் 16, கீழ் தாடையில் 16. இதில் வாயின் நான்கு மூலைகளிலும் கடைசியாக இருக்கும் நான்கு கடைவாய்ப் பற்கள்தான் ஞானப்பற்கள். பல் மருத்துவர்கள் இதை மூன்றாவது கடைவாய்ப்பல் என்பார்கள். முதல் கடைவாய்ப்பல் 6 வயது வாக்கிலும், இரண்டாவது 12 வயது வாக்கிலும் முளைத்துவிடும். மூன்றாவது பல் பொதுவாக 17 வயதிலிருந்து 25 வயதுக்குள் வரும். சிலருக்கு இன்னும் தாமதமாகலாம்.

விவரம் தெரிந்த வயதில் முளைப்பதால்தான் 'ஞான'ப்பல் என்று பெயர். மற்றபடி அறிவுக்கும் இந்தப் பல்லுக்கும் சம்பந்தம் இல்லை. கொரிய மொழியில் இதை 'காதல் பல்' என்கிறார்கள். ஜப்பானிய மொழியில் இதன் பெயருக்கு 'பெற்றோர் அறியாதது' என்று பொருள்.

நான்கும் எல்லோருக்கும் வர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. சிலருக்கு இரண்டு மட்டும் இருக்கும், சிலருக்கு ஒன்றுகூட உருவாகாது. அது நோயும் இல்லை, குறையும் இல்லை.

இந்தப் பல்லுக்கு மட்டும் ஏன் இவ்வளவு பிரச்சினை?

கூட்டமான பஸ்ஸில் கடைசியாக ஏறுபவரின் நிலைமைதான் ஞானப்பல்லுக்கும். மற்ற பற்கள் எல்லாம் உட்கார்ந்த பிறகு, மிச்சம் இருக்கும் இடத்தில்தான் அது நுழைய வேண்டும். நம் முன்னோர்களின் தாடையைவிட இன்றைய மனிதனின் தாடை சிறியது. சமைத்த, மென்மையான உணவுக்குப் பழகியதும் இதற்கு ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது.

இடம் இருந்தால் பல் நேராக முளைத்து, மற்ற பற்களைப் போல வேலை செய்யும். இடம் இல்லாவிட்டால் மூன்றில் ஒன்று நடக்கும். பல் முன்பக்கமாகச் சாய்ந்து பக்கத்துப் பல்லில் முட்டி நிற்கும். அல்லது பாதி வெளியே, பாதி ஈறுக்குள் என்று நிற்கும். அல்லது எலும்புக்குள்ளேயே படுத்துக்கொள்ளும். பெரும்பாலும் கீழ் தாடை ஞானப்பல்தான் இப்படிச் சிக்கிக்கொள்கிறது.

வலி ஏன் வந்து வந்து போகிறது?

அதிகம் தொல்லை தருவது பாதி முளைத்த பல். அதன் மேல் ஈறு ஒரு மூடி போலப் படர்ந்திருக்கும். அந்த மூடிக்கும் பல்லுக்கும் நடுவே உள்ள இடுக்கில் சோற்றுப் பருக்கை, கீரை, இறைச்சித் துணுக்கு என எதுவும் போய் உட்காரும். பிரஷ் அங்கே போகாது. கிருமிகள் பெருகி ஈறு வீங்கும். வீங்கிய ஈறின் மேல் மேல்வரிசைப் பல் வந்து கடிக்க, வலி இரட்டிப்பாகும்.

உப்புத் தண்ணீரில் கொப்பளித்தாலோ மருந்து சாப்பிட்டாலோ வீக்கம் குறையும். ஆனால் மூடியும் இடுக்கும் அப்படியே இருக்கும். அதனால்தான் ஒரு இருமல், காய்ச்சல் வந்து உடம்பு பலவீனமாகும்போதோ, வாய்ச் சுத்தம் குறையும்போதோ வலி மறுபடியும் தலைதூக்குகிறது.

எப்போது எடுத்தே ஆக வேண்டும்?

கீழ்க்கண்டவற்றில் ஏதாவது ஒன்று இருந்தால் ஞானப்பல்லை எடுப்பது பற்றி டாக்டர் பேசுவார்.

* ஈறு வீக்கம் மீண்டும் மீண்டும் வருவது, அல்லது முதல் முறையே கடுமையாக வருவது
* சரிசெய்ய முடியாத அளவுக்கு ஞானப்பல் சொத்தையாகி இருப்பது
* சாய்ந்த ஞானப்பல்லால் அதன் முன்னால் உள்ள நல்ல பல் சொத்தையாவது
* பல்லைச் சுற்றி எலும்பு கரைவது, சீழ் பிடிப்பது
* எலும்புக்குள் இருக்கும் பல்லைச் சுற்றி நீர்க்கட்டி உருவாவது
* மேல் ஞானப்பல் வெளிப்பக்கமாக முளைத்து கன்னத்தை அடிக்கடி கடித்துப் புண்ணாக்குவது

இதில் மூன்றாவது காரணத்தைப் பலர் கவனிப்பதில்லை. ஞானப்பல் போனால் சாப்பிடுவதில் பெரிய குறை தெரியாது. ஆனால் அதற்கு முன்னால் இருக்கும் பல், நாம் தினமும் மெல்லும் முக்கியமான பல். ஞானப்பல் முட்டும் இடத்தில் உணவு தேங்கி அந்தப் பல் உள்ளுக்குள் சொத்தையாவது வெளியே தெரியாது. வலி தெரியும்போது சில நேரம் இரண்டு பற்களையும் இழக்க வேண்டி வரும்.

எப்போது அப்படியே விட்டுவிடலாம்?

நேராக முளைத்திருக்கிறது, பிரஷ் போகிறது, சொத்தை இல்லை, ஈறு நன்றாக இருக்கிறது என்றால் அந்தப் பல்லைத் தொட வேண்டிய அவசியமே இல்லை. 'ஞானப்பல்' என்ற ஒரே காரணத்துக்காக யாரும் பல்லை இழக்க வேண்டாம்.

எலும்புக்குள் சிக்கியிருந்தும் எந்தத் தொல்லையும் தராத பல்லை என்ன செய்வது? இதில் நாட்டுக்கு நாடு வழக்கம் மாறுகிறது. அமெரிக்காவில் பிரச்சினை வரும் முன்பே எடுத்துவிடும் பழக்கம் அதிகம். இங்கிலாந்தில் 'நைஸ்' என்ற மருத்துவ வழிகாட்டு அமைப்பு, நோய் இல்லாத ஞானப்பல்லை முன்னெச்சரிக்கையாக எடுப்பதை அரசு மருத்துவச் சேவையில் நிறுத்த வேண்டும் என்று 2000-ம் ஆண்டு அறிவித்தது. ஈறு வீக்கம் முதல் முறை லேசாக வந்தால் பொறுத்துப் பார்க்கலாம், இரண்டாவது முறையும் வந்தால் எடுக்கலாம் என்பது அதன் கணக்கு.

மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து அலசும் காக்ரேன் அமைப்பு 2020-ல் வெளியிட்ட தொகுப்பும், தொல்லை தராத பல்லை எடுப்பதா விடுவதா என்று உறுதியாகச் சொல்லப் போதுமான ஆதாரம் இல்லை என்றே கூறியது. எனவே அந்தப் பல்லை விட்டுவைப்பதாக முடிவு செய்தால், அதை மறந்துவிடக் கூடாது. டாக்டர் சொல்லும் இடைவெளியில் பரிசோதனையும், தேவைப்பட்டால் எக்ஸ்ரேயும் எடுத்துப் பார்க்க வேண்டும்.

பிடுங்கினால் கண் பார்வை போகுமா?

போகாது. பார்வைக்கென்று தனி நரம்பு இருக்கிறது. கண்ணிலிருந்து நேராக மூளைக்குச் செல்லும் அதற்கும் பல்லுக்கும் தொடர்பு இல்லை. பல் வலியை உணரவைப்பது முகத்தில் மூன்று கிளைகளாகப் பிரியும் வேறொரு நரம்பு. அதன் ஒரு கிளை கண்ணைச் சுற்றியும் நெற்றியிலும் தொடு உணர்வைத் தருகிறது. இதனால் பல் வலிக்கும்போது கண் பக்கமும் தலையும் வலிப்பது போலத் தோன்றலாம். அவ்வளவுதான்.

அதேபோல, 'ஞானப்பல் தள்ளுவதால் முன்பல் கோணலாகும்' என்பதற்கும் உறுதியான ஆதாரம் இல்லை. வயது ஏற ஏற கீழ்வரிசை முன்பற்கள் நெருக்கமாவது ஞானப்பல் இல்லாதவர்களுக்கும் நடக்கிறது. இதற்காக மட்டும் பல்லை எடுக்கத் தேவையில்லை.

மாத்திரை போட்டே சமாளிக்கலாமா?

வலி மாத்திரை ஒரு ராத்திரியைக் கடத்த உதவும். ஆனால் நோயைத் தீர்க்காது. அல்சர், சிறுநீரகப் பிரச்சினை உள்ளவர்கள் சில வலி மாத்திரைகளை டாக்டரைக் கேட்காமல் தொடவே கூடாது. ஆன்டிபயாட்டிக் மாத்திரையை நாமே வாங்கி, வலி நின்றதும் பாதியில் விடுவது இன்னும் ஆபத்து. கிருமிகள் மருந்துக்குப் பழகிவிட்டால், நிஜமாகத் தேவைப்படும் நேரத்தில் அந்த மருந்து வேலை செய்யாது.

மாத்திரையைப் பொடித்து ஈறில் வைப்பதும் தப்பு. ஆஸ்பிரின் போன்ற மாத்திரைகள் ஈறைப் பொசுக்கிப் புண்ணாக்கும். கிராம்பு எண்ணெய் சற்று மரத்துப்போகச் செய்யும், ஆனால் அதிகம் வைத்தால் அதுவும் எரிச்சலாகும். வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் கொப்பளிப்பது பாதுகாப்பானது. அதுவும் டாக்டரைப் பார்க்கும் வரைக்கும்தான்.

எப்போது அவசர சிகிச்சைக்கு ஓட வேண்டும்?

கீழ் ஞானப்பல்லில் பிடிக்கும் சீழ், தாடைக்கு அடியிலும் கழுத்திலும் பரவக்கூடும். நாக்குக்கு அடியில் இரு பக்கமும் வீங்கி, மூச்சுக்குழாயை அடைக்கும் நிலைக்கு லுட்விக் ஆஞ்சைனா என்று பெயர். 1836-ல் இதை விவரித்த ஜெர்மன் மருத்துவர் லுட்விக்கின் பெயரே இதற்கு வைக்கப்பட்டது. அரிதாக வந்தாலும், உயிரைப் பறிக்கக்கூடியது. சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவர்களுக்குக் கூடுதல் கவனம் தேவை.

இந்த அறிகுறிகள் இருந்தால் விடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே பெரிய மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

* எச்சில் விழுங்க முடியாமல் வழிவது
* மூச்சு விடச் சிரமம், குரல் மாறுவது
* வீக்கம் கழுத்துக்கோ கண்ணுக்கோ பரவுவது
* வாய் ஒரு விரல்கூட நுழையாத அளவுக்கு இறுகுவது
* வீக்கத்தோடு கடும் காய்ச்சல், நடுக்கம்

இன்னொரு முக்கிய விஷயம். வாய் திறக்க முடியாமல் போவதற்கெல்லாம் ஞானப்பல்தான் காரணம் என்று நினைத்துவிடக் கூடாது. பாக்கு, குட்கா, புகையிலை போடுபவர்களுக்கு வாய் மெல்ல மெல்ல இறுகினாலோ, இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத புண் இருந்தாலோ, அது புற்றுநோய் தொடர்பானதாகவும் இருக்கலாம். கண்டிப்பாகப் பரிசோதிக்க வேண்டும்.

எப்படி எடுப்பார்கள்?

முதலில் இரண்டு தாடையும் ஒரே படத்தில் தெரியும் 'ஓபிஜி' எக்ஸ்ரே எடுப்பார்கள். பல் எப்படிப் படுத்திருக்கிறது, வேர் எப்படி வளைந்திருக்கிறது, கீழ் உதட்டுக்கு உணர்வு தரும் நரம்பு எவ்வளவு பக்கத்தில் ஓடுகிறது என்பதெல்லாம் அதில் தெரியும். நரம்பு வேரை ஒட்டியிருப்பது போலத் தெரிந்தால் முப்பரிமாண ஸ்கேன் தேவைப்படலாம்.

நேராக முளைத்த பல்லை ஊசி போட்டு சாதாரணமாகவே எடுத்துவிடலாம். புதைந்த பல் என்றால் ஈறைத் திறந்து, கொஞ்சம் எலும்பை நீக்கி, பல்லைத் துண்டாக்கி எடுத்துத் தையல் போடுவார்கள். இழுப்பது, அழுத்துவது தெரியும். வலி தெரியக் கூடாது. தெரிந்தால் கையைத் தூக்கிச் சொல்லிவிட வேண்டும், கூடுதலாக ஊசி போடுவார்கள்.

கீழ் உதடு, தாடை, நாக்கில் மரத்த உணர்வு சிலருக்குச் சில வாரம் அல்லது மாதங்கள் நீடிக்கலாம். நிரந்தரமாவது அரிது. நரம்பு மிக அருகில் இருந்தால் வேரை விட்டுவிட்டு மேல்பகுதியை மட்டும் எடுக்கும் முறையும் உண்டு. இளம் வயதில் வேர் முழுசாக வளராததாலும் எலும்பு இறுகாததாலும் எடுப்பது சுலபம், ஆறுவதும் வேகம். எடுக்க வேண்டிய பல் என்று உறுதியான பிறகு வருடக்கணக்கில் தள்ளிப்போடாதீர்கள் என்று சொல்வது இதனால்தான்.

எடுத்த பிறகு என்ன செய்ய வேண்டும்?

* வைத்த பஞ்சை அரை மணி முதல் ஒரு மணி நேரம் வரை அழுத்திக் கடிக்க வேண்டும்
* முதல் 24 மணி நேரம் துப்புவது, கொப்பளிப்பது, ஸ்ட்ரா போட்டு உறிஞ்சுவது கூடாது
* முதல் நாள் கன்னத்தின் வெளியே ஐஸ் ஒத்தடம் விட்டுவிட்டுக் கொடுக்கலாம்
* ஆறிய கஞ்சி, தயிர் சாதம், குழைந்த இட்லி சாப்பிடலாம். சூடும் காரமும் வேண்டாம்
* மறுநாள் முதல் வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் மெதுவாகக் கொப்பளிக்கலாம்
* சிகரெட், மது வேண்டாம்

வீக்கம் இரண்டாவது, மூன்றாவது நாளில் அதிகமாகி, பிறகு குறையும். இது இயல்பு. ஆனால் வலி குறைந்துகொண்டே வந்து, மூன்று நாள் வாக்கில் திடீரென ஏறி, வாயில் கெட்ட வாடை அடித்தால், பல் இருந்த குழியில் ரத்தக்கட்டு கலைந்து எலும்பு வெளியே தெரிகிறது என்று அர்த்தம். புகை பிடிப்பவர்களுக்கு இது அதிகம் வரும். டாக்டரிடம் போனால் குழியைச் சுத்தம் செய்து மருந்து வைப்பார், வலி சீக்கிரம் அடங்கும்.

எங்கே போவது, என்ன கேட்பது?

சென்னையில் தமிழ்நாடு அரசு பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. புதுக்கோட்டையிலும் அரசு பல் மருத்துவக் கல்லூரி உள்ளது. மற்ற ஊர்க்காரர்கள் முதலில் பக்கத்து அரசு மருத்துவமனையின் பல் பிரிவில் காட்டலாம். சிக்கலான பல் என்றால் வாய், முகத்தாடை அறுவை சிகிச்சை நிபுணரிடம் அனுப்புவார்கள்.

சர்க்கரை, பிரஷர், இதய நோய், ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் மாத்திரை, எலும்புத் தேய்மானத்துக்குப் போடும் ஊசி, கர்ப்பம், மருந்து அலர்ஜி எதுவாக இருந்தாலும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ரத்தத்தை இளக்கும் மாத்திரையை நீங்களாகவே நிறுத்திவிட்டுப் போகக் கூடாது.

டாக்டரிடம் இந்த நான்கு கேள்விகளைத் தயங்காமல் கேளுங்கள். இந்தப் பல்லில் இப்போது என்ன நோய் இருக்கிறது? எடுக்காமல் விட்டால் என்ன ஆகும்? என் எக்ஸ்ரேயில் நரம்பு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது? மொத்தம் எவ்வளவு செலவாகும்? எக்ஸ்ரே படத்தை போனில் ஒரு காப்பி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பிறகு வேறு டாக்டரிடம் கருத்து கேட்கவும், அடுத்த பரிசோதனையில் ஒப்பிட்டுப் பார்க்கவும் அது உதவும்.