இரண்டாம் இன்னிங்ஸ் இல்லாதவர்கள்: அமெச்சூர் கிரிக்கெட்டில் ஆட்டச் சரிவின் வரலாறு

ஒரு மட்டையாளர் தொடர்ந்து குறைந்த ஓட்டங்களில் ஆட்டமிழக்கும்போது 'ஃபார்ம் போய்விட்டது' என்கிறோம். காரணத்தை அவருடைய கால் நகர்விலும் மனநிலையிலும் தேடுகிறோம். அவருக்கு ஓராண்டில் எத்தனை இன்னிங்ஸ் கிடைக்கின்றன என்ற கேள்வி அரிதாகவே எழுகிறது. கொச்சியைச் சுற்றிய பகுதியின் கிரிக்கெட் வரலாறு இந்தக் கேள்வியைத் தவிர்க்க முடியாததாக்குகிறது. ஆட்டம் ஒருநாளுக்குள் அடங்கியதால் உழைத்துப் பிழைப்பவரும் கிரிக்கெட் ஆட முடிந்தது. அதே மாற்றம்தான் அவரிடமிருந்து இரண்டாம் வாய்ப்பையும் பறித்தது. அமெச்சூர் மட்டையாளரின் சரிவை இந்த இரட்டை விளைவிலிருந்து பிரித்துப் புரிந்துகொள்ள இயலாது.

1. சொல்லின் வரலாறு

'ஃபார்ம்' என்ற சொல் விளையாட்டுக்கு வந்தது குதிரைப் பந்தயத்தின் வழியே. ஒரு குதிரையின் முந்தைய ஓட்டங்களைப் பார்த்து அடுத்த பந்தயத்தில் அது எப்படி ஓடும் என்று பணம் கட்டுவோர் கணித்தனர். அந்தக் கணிப்புக்கு அடிப்படையான பதிவே அதன் 'ஃபார்ம்'. ஆகவே, தோற்றத்தில் இது ஆடுபவர் உணர்கிற நிலையைக் குறிக்கவில்லை; வெளியிலிருந்து பார்ப்பவர் எழுதிவைத்த கணக்கைக் குறித்தது. கிரிக்கெட்டுக்குள் வந்தபின் அது மட்டையாளரின் உடலுக்குள் இருக்கும் ஒரு பொருளைப்போல 'இருக்கிறது', 'போய்விட்டது', 'திரும்பிவிட்டது' என்று பேசப்பட்டது. சுழியத்தில் ஆட்டமிழப்பதை ஆங்கிலம் வாத்து முட்டையாகக் கண்டது. 'டக்' அதன் சுருக்கமே. தேர்வில் முட்டை வாங்கிய மாணவனைத் தமிழும் அதே வடிவ ஒப்புமையால்தான் கேலி செய்கிறது. இரண்டு சொற்களும் மதிப்பெண் ஏட்டில் பிறந்தவை. ஏட்டில் எத்தனை வரிகள் உள்ளன என்பதே அந்தச் சொற்களுக்கு எவ்வளவு பொருள் உண்டு என்பதைத் தீர்மானிக்க வேண்டும்.

2. ஆண்டுக்கு இரண்டு இன்னிங்ஸ்

1949 ஜூலை 1 அன்று திருவிதாங்கூரும் கொச்சியும் இணைந்தன. 1951-52 பருவத்தில் திருவிதாங்கூர்-கொச்சி அணி ரஞ்சிக் கோப்பையில் களமிறங்கியது. அக்காலத்தில் மண்டல ஆட்டங்கள் நாக்-அவுட் முறையில் நடந்தன. 1956-57 வரை இந்த நிலையே நீடித்தது. இதன் நடைமுறைப் பொருளை எண்ணிப் பார்க்க வேண்டும். முதல் ஆட்டத்திலேயே தோற்ற அணிக்கு அந்த ஆண்டின் ரஞ்சிப் பருவம் அத்துடன் முடிந்தது. அந்த அணியின் மட்டையாளருக்கு ஓராண்டில் கிடைத்தவை அதிகபட்சம் இரண்டு முதல்தர இன்னிங்ஸ்கள். அவற்றில் ஒன்றில் நல்ல பந்துக்கும் மற்றொன்றில் தவறான ஓட்ட அழைப்புக்கும் அவர் பலியாகியிருந்தால், அடுத்த வாய்ப்புக்கு ஓராண்டு காத்திருக்க வேண்டும். தேர்வாளர்கள் அந்த ஓராண்டு முழுவதும் வைத்திருந்த சான்று அந்த இரண்டு எண்கள் மட்டுமே.

மதராஸ், மைசூர் போன்ற பழைய அணிகளில் நாக்-அவுட்டின் கொடுமையைத் தணிக்க ஊருக்குள் வேறு ஆட்டங்கள் இருந்தன. மதராஸில் 1915 முதல் ஐரோப்பியருக்கும் இந்தியருக்கும் இடையே பொங்கல் காலப் பிரசிடென்சி ஆட்டம் நடந்துவந்தது. கழக ஆட்டங்களும் தழைத்திருந்தன. ஒரு ஆட்டத்தில் விட்டதை மற்றொன்றில் பிடிக்கலாம். கிரிக்கெட் இன்னும் வேரூன்றிக்கொண்டிருந்த பகுதியில் அந்த வசதி குறைவு. ஆகவே, ஒரே அளவு தோல்வி இரு ஊர்களில் இரு வேறு பெயர்களைப் பெற்றிருக்கும்: ஒன்றில் 'மோசமான வாரம்', மற்றொன்றில் 'சரிவு'.

1956 நவம்பர் 1 அன்று கேரள மாநிலம் உருவானது. அடுத்த பருவத்திலிருந்து மண்டல ஆட்டங்கள் லீக் முறைக்கு மாறின. மண்டலத்தின் மற்ற அணிகள் ஒவ்வொன்றுடனும் ஆடும் வாய்ப்பு உறுதியானது. இதன்பின் 1959-60 பருவத்தில், பாலக்காட்டில் ஆந்திராவுக்கு எதிராக பாலன் பண்டிட் ஆட்டமிழக்காமல் 262 ஓட்டங்கள் குவித்தார். அது ஏறத்தாழ அரை நூற்றாண்டுக் காலம் கேரளத்தின் உச்ச எண்ணிக்கையாக நிலைத்தது. ஒரு பெரிய இன்னிங்ஸுக்கு ஆட்ட அமைப்பு மட்டுமே காரணம் என்று சொல்வது அந்த மட்டையாளரின் திறனைக் குறைப்பதாகும். ஆயினும் வாய்ப்புகளின் எண்ணிக்கை கூடும்போதுதான் திறன் எண்களாக வெளிப்படக் காலம் கிடைக்கிறது.

3. திருப்பூணித்துறையின் பேறும் விலையும்

ரஞ்சியில் திருவிதாங்கூர்-கொச்சி நுழைந்த அதே 1951இல் திருப்பூணித்துறை அரண்மனை ஓவல் மைதானத்தில் பூஜை கிரிக்கெட் போட்டி தொடங்கியது. கேரள கிரிக்கெட் சங்கத்தின் முதல் செயலாளராக இருந்த கே.வி. கேளப்பன் தம்புரான் இதன் கருத்தை உருவாக்கியவர். ஒவ்வொரு அணிக்கும் ஓவர்களை வரையறுத்து, ஒரே நாளில் முடிவு காணும் முறை இங்கே நடைமுறைக்கு வந்தது. இங்கிலாந்தில் ஜில்லெட் கோப்பை 65 ஓவர் ஆட்டங்களாகத் தொடங்கியது 1963இல்தான். வரையறுக்கப்பட்ட ஓவர் கிரிக்கெட்டின் மிகத் தொடக்கக் கட்டமாகத் திருப்பூணித்துறையைப் பலர் குறிப்பிடுவது இதனால்தான்.

இந்த முறையின் சமூகப் பயன் பெரிது. மூன்று நாள் ஆட்டத்துக்கு விடுப்பு எடுக்க இயலாத எழுத்தரும் ஆசிரியரும் தொழிலாளியும் ஒரு நாளைக் கொடுத்து ஒரு முழு ஆட்டத்தை ஆடிவிடலாம். அக்காலத்தில் ஆலுவாவைச் சுற்றி நடந்துகொண்டிருந்த மாற்றத்தையும் இதனுடன் வைத்துப் பார்க்கலாம். ஏலூர் உத்யோகமண்டலில் 1943இல் நிறுவப்பட்ட ஃபாக்ட் உரத் தொழிற்சாலையும், அதைத் தொடர்ந்து பெரியாற்றங்கரையில் எழுந்த வேதிப்பொருள், உலோகத் தொழிற்சாலைகளும் அப்பகுதியை ஷிஃப்ட் நேரத்தால் இயங்கும் ஊர்களாக மாற்றின. இத்தகைய ஊரில் அமெச்சூர் என்பவர் ஓய்வுவளம் படைத்தவர் அல்லர். இரவு ஷிஃப்ட் முடித்து மைதானத்துக்கு வருபவர். ஒருநாள் ஆட்டம் அவருக்கு ஏற்ற ஆட்டம்.

விலை எங்கே இருக்கிறது? இரண்டு இன்னிங்ஸ் ஆட்டத்தில் காலையில் சுழியத்தில் ஆட்டமிழந்தவர் மறுநாள் அதே ஆடுகளத்தில், அதே பந்துவீச்சாளரை எதிர்கொண்டு, செய்த பிழையைத் திருத்திக்கொள்ளலாம். ஓவர் வரையறையும் நாக்-அவுட்டும் சேர்ந்த போட்டியில் அது நடவாது. தொடக்க மட்டையாளர் மூன்றாம் பந்தில் வெளியேறி, அணியும் தோற்றால், அவருடைய போட்டி மூன்று பந்துகளோடு முடிந்தது. இன்றைய 20 ஓவர், 10 ஓவர் உள்ளூர்ப் போட்டிகளில் இந்த நெருக்கடி இன்னும் கூர்மையடைந்திருக்கிறது. ஆறாம் இடத்தில் இறங்குபவர் ஒரு முழு நாளைச் செலவிட்டு நான்கு பந்துகளை மட்டும் சந்தித்து வீடு திரும்புவது வழக்கமான காட்சி.

4. இரு வகை அமெச்சூர்கள்

பழைய ஆங்கில அமெச்சூரின் சரிவுக் கதைகள் வேறு விதமானவை. மருத்துவரான டபிள்யூ.ஜி. கிரேஸ் 1891ஆம் ஆண்டுப் பருவத்தில் முதல்தர ஆட்டங்களில் ஒரு சதமும் அடிக்கவில்லை. வயது நாற்பதைத் தாண்டியிருந்தது. முடிவு நெருங்கிவிட்டது என்று எவரும் கருதியிருக்கக்கூடும். 1895 மே மாதத்தில், 46 வயதில், அவர் ஒரே மாதத்தில் ஆயிரம் ஓட்டங்களைக் கடந்தார். தம் நூறாவது முதல்தரச் சதத்தையும் அம்மாதத்திலேயே எட்டினார். ரஞ்சிக் கோப்பைக்குப் பெயர் தந்த ரஞ்சித்சிங்ஜி 1902இல் ஆஸ்திரேலியாவுக்கு எதிரான தொடரில் நான்கு இன்னிங்ஸ்களில் 13, 0, 2, 4 என மொத்தம் 19 ஓட்டங்களே எடுத்தார். காயமும் கடன் தொல்லையும் அவரை அப்போது வாட்டின. அதன்பின் அவர் டெஸ்ட் ஆடவில்லை. எனினும் 1904 உள்நாட்டுப் பருவத்தில் 74.17 சராசரியுடன் 2,077 ஓட்டங்கள் குவித்தார்.

இவ்விருவரையும் தாங்கி நின்றது எது? மன உறுதி உண்டு. அதைவிட உறுதியானது அவர்களுடைய இடம். பெயரும் சமூக மதிப்பும் கொண்ட அமெச்சூரை மாவட்ட அணி எளிதில் விலக்கவில்லை. பருவத்துக்குப் பல பத்து இன்னிங்ஸ்கள் அவர்களுக்குக் காத்திருந்தன. கூலிக்கு ஆடிய தொழில்முறை ஆட்டக்காரருக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை. 1962 நவம்பரில் இங்கிலாந்து இந்த வேறுபாட்டை அதிகாரபூர்வமாக ஒழித்தது. இந்தியக் கழக ஆட்டக்காரரோ இரு பக்கத்து இடர்களையும் ஒருங்கே சுமந்தவர்: தொழில்முறையாளரைப்போல இடம் பறிபோகும் அச்சம், ஆனால் அவருக்குரிய ஊதியமோ தொடர் பயிற்சியோ இல்லை.

5. தற்செயலின் பங்கு

1945இல் டபிள்யூ.பி. எல்டர்ட்டன், ஜி.எச். வுட் ஆகிய இருவரும் மட்டையாளர்களின் எண்ணிக்கைகளைப் புள்ளியியல் நோக்கில் ஆராய்ந்து கட்டுரைகள் வெளியிட்டனர். ஓட்ட எண்ணிக்கைகள் பெருக்குத் தொடர் முறையில் பரவியிருக்கின்றனவா என்பதே அவர்கள் எழுப்பிய கேள்வி. எளிய சொற்களில்: எந்த எண்ணிக்கையில் நின்றாலும் அடுத்த ஓட்டத்துக்கு முன் ஆட்டமிழக்கும் வாய்ப்பு ஏறத்தாழ ஒன்றே என்று கொண்டால், அவருடைய எண்ணிக்கைகள் எப்படி அமையும்?

இந்த அனுமானத்தைக் கழக மட்டையாளருக்குப் பொருத்திப் பார்க்கலாம். அவருடைய உண்மையான சராசரி 20 என்று கொள்வோம். ஓர் இன்னிங்ஸில் பத்துக்குள் ஆட்டமிழக்கும் வாய்ப்பு ஏறத்தாழ 39 விழுக்காடு. குறிப்பிட்ட நான்கு இன்னிங்ஸ்களில் தொடர்ந்து இப்படி நிகழும் வாய்ப்பு 2 விழுக்காட்டுக்குச் சற்று மேல், அரிதே. ஆனால் 30 இன்னிங்ஸ்களில் எங்காவது ஓரிடத்தில் அத்தகைய நான்கின் தொடர் தோன்றும் வாய்ப்பு ஏறத்தாழ 30 விழுக்காடு. ஓர் அணியில் இதே திறன் கொண்ட ஆறு மட்டையாளர்கள் இருந்தால், அவர்களில் ஒருவருக்காவது அது நேரும் வாய்ப்பு 90 விழுக்காட்டை ஒட்டி வருகிறது. எவருடைய திறனிலும் அணுவளவும் மாற்றமில்லாமலே, ஏறக்குறைய ஒவ்வோர் அணியிலும் 'ஃபார்ம் இழந்தவர்' ஒருவர் உருவாகிவிடுவார். உண்மை ஆட்டத்தில் கண் பழகும் முன் ஆட்டமிழக்கும் வாய்ப்பு கூடுதல் என்பதால் இத்தகைய தொடர்கள் இன்னும் மிகுதியாகவே காணப்படும்.

எல்லாச் சரிவும் தற்செயல் என்று இதிலிருந்து முடிவு கட்டக் கூடாது. காயம், பார்வைக் குறைவு, உறக்கமின்மை, கவலை ஆகியவை உண்மையான காரணங்கள். ஆடுகள மாற்றமும் அவ்வாறே. தேங்காய் நார்ப்பாய் விரித்த ஆடுகளத்தில் பந்து உயர்ந்து எழும். வெட்டும் கொக்கியும் பலன் தரும். அங்கே வளர்ந்தவர் புல்தரைக்கு வந்ததும் தாழ்ந்து வரும் பந்தில் காலில் அடிவாங்குகிறார். தரை வேறு, திறன் அதுவே. இத்தகைய காரணங்களைத் தற்செயலிலிருந்து பிரித்தறிய நான்கு எண்கள் போதா என்பதே கணக்கு சொல்வது.

6. மீட்சியின் வழிகள்

புகழ்பெற்ற மீட்சிகளில் ஒன்று 2004 ஜனவரியில் சிட்னியில் நிகழ்ந்தது. அத்தொடரில் அதற்குமுன் 0, 1, 37, 0, 44 என்று ஆட்டமிழந்திருந்த சச்சின் டெண்டுல்கர், தமக்கு மிகவும் பிடித்த கவர் டிரைவை ஏறத்தாழ முற்றிலும் ஒதுக்கிவைத்து 436 பந்துகளில் ஆட்டமிழக்காமல் 241 எடுத்தார். புதிய ஒன்றை அவர் சேர்க்கவில்லை. இருந்த ஒன்றைக் கழித்தார். பயிற்சிக்கு நேரமில்லாத அமெச்சூருக்கு இதில் ஒரு பாடம் உண்டு: புதிய அடியைக் கற்க மாதங்கள் வேண்டும், ஒரு அடியைத் தவிர்க்க ஒரு முடிவு போதும். ஆனால் 436 பந்துகள் நிற்க அனுமதிக்கும் ஆட்டம் அவருக்கு வாய்த்திருந்தது என்பதையும் மறந்துவிடக் கூடாது.

ஆகவே தனிநபருக்கான அறிவுரை பாதி விடையே. மறுபாதி அமைப்பைச் சார்ந்தது. சென்னையில் பல பிரிவுகளாக நடக்கும் லீக் ஆட்டங்கள் ஒரு தோல்வியால் எவரையும் வீட்டுக்கு அனுப்பிவிடுவதில்லை. நாக்-அவுட் போட்டிகளை மட்டும் நம்பியிருக்கும் ஊர்களில், தோற்ற அணிகளுக்குள் நட்பு ஆட்டங்களை ஏற்பாடு செய்வதும், மட்டையாளர் சந்தித்த பந்துகளையும் ஆட்டமிழந்த விதத்தையும் ஏட்டில் குறித்துவைப்பதும், இத்தனை இன்னிங்ஸ்களுக்கு முன் எவரையும் நீக்குவதில்லை என்று அணித்தலைவர் முன்கூட்டியே சொல்லிவிடுவதும் செலவில்லாத மாற்றங்கள்.

2024 மார்ச் முதல் கொச்சி மெட்ரோவின் ஒரு முனை ஆலுவா, மறுமுனை திருப்பூணித்துறை. தொழிற்சாலை ஊரையும் ஒருநாள் ஆட்டம் பிறந்த ஊரையும் ஒரே தடம் இணைக்கிறது. உழைப்பவருக்கும் கிரிக்கெட் உண்டு என்பதைத் திருப்பூணித்துறை 1951இலேயே காட்டியது. அந்த உழைப்பவருக்கு இரண்டாம் இன்னிங்ஸும் உண்டு என்று காட்டும் அமைப்பு இன்னும் முழுமையாக உருவாகவில்லை. அது உருவாகும்வரை, மூன்று ஆட்டங்களில் தவறி மட்டையைப் பரணில் போட்டவர்களுள் எத்தனை பேர் உண்மையில் திறன் இழந்தவர்கள், எத்தனை பேர் வெறும் எண்ணிக்கைப் பற்றாக்குறையால் இழக்கப்பட்டவர்கள் என்பதை எந்த மதிப்பெண் ஏடும் சொல்லாது.