கல்வெட்டில் இல்லாத பெயர்



கல்வெட்டு என்ற சொல்லுக்கு நம்மிடையே இரண்டு பொருள் உண்டு. ஒன்று, கோவிற் சுவரிலும் கற்பலகையிலும் மன்னர் பொறித்து வைத்தது. மற்றொன்று, ஒருவர் இறந்து முப்பத்தோராம் நாள் வீட்டுக்கு வந்தவர்களின் கையிற் கொடுக்கப்படும் சிறு நூல். தமிழகத்தவர்க்கு இந்த இரண்டாவது பொருள் புதிதாயிருக்கலாம். யாழ்ப்பாணத்திலும் வன்னியிலும் அதனை அறியாத வீடு இல்லை. இறந்தவரின் படம், பிறந்த ஊர், பெற்றோர், மணம், மக்கள், மருமக்கள், பேரர், திதி கூறும் வெண்பா, திருமுறைப் பாடல்கள், ஈற்றில் நன்றி நவிலல் என்று அதற்கு ஓர் ஒழுங்கு உண்டு.

இந்துக் கல்லூரியொன்றிற் தமிழ் கற்பிக்கின்றவன் என்பதால் ஊரில் இந்த வேலை பெரும்பாலும் என்னிடமே வந்து சேரும். இதுவரை எத்தனை கல்வெட்டு எழுதினேன் என்று நான் கணக்கு வைத்ததில்லை. சென்ற ஆண்டு என் தாயாரின் கல்வெட்டையும் நானே எழுதினேன். அதில் ஒரு பெயரை விட்டுவிட்டேன். அந்தப் பெயருக்கு உரியவரைப் பற்றிச் சொல்லுமுன், முதற் பொருளிலுள்ள கல்வெட்டு ஒன்றைப் பார்த்து வருவோம்.

காஞ்சிபுரத்துக்கு அண்மையில், பாலாறு, வேகவதி, செய்யாறு என்னும் மூன்று ஆறுகள் கூடுமிடத்தில் திருமுக்கூடல் என்றோர் ஊர் இருக்கிறது. அங்குள்ள பெருமாள் கோவிலிலே வீரராசேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று உண்டு. அவன் ஆண்ட காலம் 1063 முதல் 1070 வரை. கோவிலைச் சார்ந்து ஒரு கல்லூரியும், மாணவர் விடுதியும், பதினைந்து கட்டில்கள் கொண்ட ஆதுலசாலை ஒன்றும் நடந்து வந்தன என்று அது கூறுகின்றது. ஆதுலர் என்றால் நோயாளர். ஆதுலசாலைக்கு வீரசோழன் என்பது பெயர். அங்கு வைத்திருந்த மருந்துகளின் பெயர்களும் கல்லில் உள்ளன.

பணியாளர் விபரத்தைப் படிக்கும்போதுதான் நமக்கு வேலை இருக்கிறது. மருத்துவரின் பெயர் கோதண்டராமன் அசுவத்தாம பட்டன். அவருக்கு ஆண்டுக்கு 90 கலம் நெல்லும் 8 காசும். சத்திரசிகிச்சை செய்பவருக்கு 30 கலம். மூலிகையும் விறகும் கொண்டுவரும் இருவருக்கு 60 கலமும் 2 காசும். நோயாளருக்கு மருந்து காய்ச்சிப் பணிபுரியும் பெண்டுகள் இருவருக்கு 30 கலமும் 1 காசும். அப்பெண்களின் பெயரைக் கல் சொல்லவில்லை.

பெயர் இல்லை என்று குறைப்படுகின்ற நாம், அங்கே இருப்பதையும் கவனிக்க வேண்டும். வேலை இன்னது, அதற்குக் கூலி இவ்வளவு என்று எழுதியிருக்கிறது. அந்தப் பெண்களின் உழைப்பைப் புண்ணியம் என்று சொல்லிச் சோழ அரசு தட்டிக்கழிக்கவில்லை. ஏறத்தாழத் தொள்ளாயிரத்து ஐம்பது ஆண்டுகளுக்கு முன் பராமரிப்பு என்பது அங்கே ஒரு தொழிலாகக் கணக்கில் ஏறியிருக்கிறது.

அடுத்த நூற்றாண்டிலே நம் நாட்டுக்கு வருவோம். பொலன்னறுவையில் முதலாம் பராக்கிரமபாகு (1153–1186) நூற்றுக்கணக்கான நோயாளர் தங்கக்கூடிய பெரிய மண்டபமொன்றை அமைத்தான் என்று சூளவம்சம் கூறுகின்றது. அங்கே ஒவ்வொரு நோயாளருக்கும் ஒரு பணியாளனும் ஒரு பணிப்பெண்ணும் அமர்த்தப்பட்டனர். இரவும் பகலும் மருந்தும் உணவும் ஆக்கிக் கொடுப்பது அவர்களின் கடமை. மன்னனின் பெயர் நிலைத்தது. இரவில் விழித்திருந்த பணிப்பெண்ணின் பெயர் இங்கும் இல்லை.

நம் இலக்கியம் என்ன செய்தது? செவிலிக்குத் தொல்காப்பியர் இடம் கொடுத்தார். அவள் எவ்வெவ்விடத்திற் பேசலாம் என்று விதியும் வகுத்தார். ஆனால் அச்செவிலி குழந்தையை வளர்த்தவள். தாதி என்ற சொல்லும் வளர்ப்புத் தாயையும் பணிப்பெண்ணையும் குறித்து நின்ற சொல்லே. தமிழகத்தார் செவிலியர் என்பதும் நாம் தாதியர் என்பதும் அவற்றிலிருந்து வந்தவை. முதியவரைத் தூக்கி இருத்திக் கழுவித் துடைக்கும் பெண்ணுக்கென்று தனிச் சொல் நமக்கு வாய்க்கவில்லை. புறநானூற்றிலே தொடித்தலை விழுத்தண்டினார் என்னும் புலவர் தம் முதுமையிலிருந்து இளமையை எண்ணிப் பாடிய பாடல் ஒன்று உண்டு. ஊன்றுகோல் அந்தப் பாட்டில் இருக்கின்றது; அவரைத் தாங்கிப் பிடித்த கை எதுவும் இல்லை.

இது தமிழர்க்கு மட்டும் உரிய மறதி அன்று. பிரான்சின் வடமேற்குக் கரையில் 1792இற் பிறந்தவர் ஜான் ஜுகான் என்ற பெண். வீட்டு வேலையும் வைத்தியசாலை வேலையும் செய்து பிழைத்தவர். 1839ஆம் ஆண்டுக் குளிர்காலத்திலே, பார்வையிழந்து உடலும் வழங்காத மூதாட்டி ஒருவரைத் தம் இருப்பிடத்துக்குத் தூக்கி வந்து, தம் கட்டிலை அவருக்குக் கொடுத்தார். அதிலிருந்து வளர்ந்ததே ஏழைகளின் சிறிய சகோதரிகள் என்னும் துறவற சபை. 1845இற் பிரெஞ்சுக் கழகம் அவருக்குப் பரிசும் வழங்கியது. ஆனால் சபைக்குத் துணையாக வந்த குருவானவர் ஒருவர் தாமே தாபகர் என்று சொல்லிக்கொள்ள, ஜான் ஜுகான் தலைமை மடத்தின் ஒரு மூலையில் ஏறக்குறைய 27 ஆண்டுகள் வாழ்ந்து 1879இல் மறைந்தார். அவரோடு ஒரே மடத்திலிருந்த இளம் சகோதரிகள் பலருக்கே, சபையைத் தொடங்கியவர் அவர்தான் என்பது தெரியாது. 1890இன் பின்னரே உண்மை வெளிவந்தது. அச்சபையினர் 1888இற் கொழும்புக்கு வந்து முதியோர் இல்லம் தொடங்கினர். ஜான் ஜுகான் புனிதராக அறிவிக்கப்பட்டது 2009ஆம் ஆண்டு ஒக்டோபர் 11ஆந் திகதி.

2009 என்றதும் வன்னியார் எவருக்கும் வேறொன்று நினைவுக்கு வரும். நாமும் அங்கே வந்துவிடுவோம்.

வன்னி குடியேறியவர்களின் பூமி. 1930கள் தொட்டு இரணைமடுவை அண்டி எழுந்த குடியேற்றங்களுக்குக் குடாநாட்டிலிருந்து வந்தவர்கள் பலர். 1958, 1977, 1983 வன்செயல்களின் பின் மலையகத்திலிருந்து வந்தவர்கள் பலர். சொந்தக்காரர் தொலைவில் இருக்க, அயல் வீட்டுப் பெண்ணே உறவாகிப் போன ஊர்கள் இவை. பிள்ளைப்பேற்றுக்கும் அவள் வருவாள், பாயோடு கிடக்கும் கிழவருக்குக் கஞ்சி பருக்கவும் அவளே வருவாள். நேரே கூலி என்று ஒன்று இராது. நெல் வெட்டினால் ஒரு கடகம் நெல் போகும், அவ்வளவுதான்.

2008இன் பிற்பகுதியிலிருந்து அந்த அயலே இடம்பெயர்ந்தது. கிளிநொச்சியிலிருந்து கிழக்கே முள்ளிவாய்க்கால் வரை, முதியவர்களை உழவு இயந்திரப் பெட்டியிலும் சைக்கிளிலும் கதிரையில் வைத்துத் தூக்கியும் கொண்டு சென்றார்கள். மக்கள் பின்னர் செட்டிகுளம் மெனிக்பாம் முகாம்களில் அடைக்கப்பட்டனர். அவ்வாண்டு நடுப்பகுதியை அண்டி அறுபது வயது கடந்தோரை முகாம்களிலிருந்து விடுவிக்கத் தொடங்கினர். விடுவித்தால் போவது எங்கே? போக்கிடமற்ற பலரை வவுனியா கோவில்குளம் சிவன் கோவிலைச் சார்ந்த முதியோர் இல்லம் ஏற்றுக்கொண்டது. மெனிக்பாம் 2012 செப்ரெம்பரில் மூடப்பட்டது.

முகாம் மூடினாலும் முதுமை நின்றுவிடுவதில்லை. 1981இல் இலங்கை மக்களுள் அறுபதைக் கடந்தோர் 6.6 வீதம். 2012 குடிசன மதிப்பீட்டிலே அது 12.4 வீதமாயிற்று. வடக்கிலோ பிள்ளைகள் கடல் கடந்து விட்டார்கள். மறுபுறம், போரிற் கணவரை இழந்து குடும்பத்தைத் தனியே சுமக்கும் பெண்கள் நம் கிராமங்கள்தோறும் இருக்கின்றார்கள். ஒரு வீட்டிற் பணம் உண்டு, ஆள் இல்லை. மற்ற வீட்டில் ஆள் உண்டு, பணம் இல்லை. இவ்விரண்டு வீடுகளுக்கும் இடையே பிறந்ததுதான் இன்றைய வீட்டுப் பராமரிப்புத் தொழில்.

என் வீடு முதல் வகையைச் சேர்ந்தது. தாயாருக்குப் பாரிசவாதம் வந்தபோது ஒரு சகோதரி கனடாவில், தம்பி சுவிசில். நானும் மனைவியும் பாடசாலைக்குப் போகின்றவர்கள். முல்லைத்தீவுக் கரையோரக் கிராமமொன்றிலிருந்து நாற்பது வயதளவிலான ஒரு பெண் வந்து எங்களுடன் தங்கினார். பதினான்கு மாதம் தாயாரைப் பார்த்தார்.

அந்த வேலை என்னவென்று அதுவரை எனக்குத் தெரியாது. இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை, இரவிலும், ஆளைப் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். இல்லையேல் முதுகிலும் குதிக்காலிலும் படுக்கைப் புண் விழும். கஞ்சியைக் கரண்டியாற் கொடுத்து, தொண்டைக்குள் இறங்கியதைப் பார்த்த பிறகே அடுத்த கரண்டி. நான் ஒருநாள் அவசரப்பட்டுக் கொடுக்கப் போனபோது தடுத்தார்.

"சேர், ஆச்சியை நிமித்தி இருத்திப்போட்டுக் குடுங்கோ. படுத்தபடி குடுத்தா புரைக்கேறிப் போடும்."

தாயாரின் பேச்சுக் குழறிப் போயிருந்தது. பெற்ற பிள்ளையான எனக்கு விளங்காத சொல் அவருக்கு விளங்கியது. தமிழ் ஆசானாகிய நான் என் தாயின் தமிழை விளங்கிக்கொள்ள அவரிடம் கேட்டேன். பதினான்கு மாதமும் தாயாரின் முதுகில் ஒரு புண் விழவில்லை.

அவர் வந்து ஆறு மாதம் சென்ற பின்னரே கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்டேன்.

"உங்கட அம்மாவை ஆர் பாக்கினம்?"

"மூத்தவள் நிக்கிறாள் சேர்."

"அவள் பள்ளிக்கூடம் போறேல்லையோ?"

"ஓ.எல். வருசம் சேர். கிழமையில ரண்டு நாள், மூண்டு நாள் போவாள்."

என் வகுப்பிற் பிள்ளைகள் வராவிட்டால் ஏன் வரவில்லை என்று விசாரிப்பவன் நான். ஒரு பிள்ளை வகுப்புக்குப் போகாததன் காரணம் என் வீட்டு அறையிலேயே இருந்தது. அதன் பின்பே மனைவியும் நானும் முறை வைத்து, வாரத்தில் இரண்டு நாள் அவருக்குச் சம்பளத்தோடு விடுமுறை கொடுத்தோம். அதைப் பெருந்தன்மை என்று சொல்லமாட்டேன். ஆறு மாதம் பிந்திய நியாயம் அது.

தாயார் மறைந்தார். கல்வெட்டு அச்சாயிற்று. முப்பத்தோராம் நாள் அவரும் வந்திருந்தார். புத்தகத்தை வாங்கி முன்பக்கத்தைப் பார்த்து, "ஆச்சின்ர படம் வடிவா இருக்கு சேர்" என்றார். அன்றிரவு நன்றி நவிலலை மறுபடி படித்தேன். வைத்தியர்கள், தாதியர், உற்றார் உறவினர், பந்தல் போட்டவர்கள், ஒலிபெருக்கி தந்தவர், குறித்த நேரத்தில் அச்சிட்டு உதவிய அச்சகத்தார் என்று எல்லோரும் இருந்தார்கள். அவர் பெயர் இல்லை. மறந்ததா, வீட்டில் வேலை செய்தவர்தானே என்று கை தானாகவே தவிர்த்ததா என்று இன்றைக்கும் எனக்குத் தெளிவில்லை.

அடுத்த கிழமை அவர் வீட்டுக்குப் போய், ஆண்டுத் திவசத்துக்கு அச்சிடும் நினைவிதழில் அவர் பெயரைப் போடப்போவதாகச் சொன்னேன். அவர் சற்று யோசித்தார்.

"பேர் போடுறது உங்கட விருப்பம் சேர். எனக்கு ஒரு கடிதம் தருவியளோ? எத்தினை மாதம் பார்த்தனான், என்னென்ன செய்தனான் எண்டு. வவுனியாவில ஒரு வீட்டில கேக்கினம்."

எனக்கு உடனே திருமுக்கூடல் நினைவுக்கு வந்தது. அவர் கேட்டது புகழ்மாலை அன்று. வேலை இன்னது, காலம் இவ்வளவு என்ற பதிவையே கேட்டார். நாம் இத்தகையவர்களைத் தெய்வம் என்று சொல்வதற்குத் தயங்குவதில்லை. தெய்வத்துக்குச் சம்பளமும் விடுமுறையும் தேவையில்லை என்பது நமக்கு வசதியாகவும் இருக்கிறது.

ஒக்டோபர் முதலாந் திகதியை முதியோர் தினமாக ஐக்கிய நாடுகள் சபை 1990இற் பிரகடனம் செய்தது. நம் நாட்டில் முதியோர் உரிமைகளைப் பாதுகாக்கும் சட்டம் 2000ஆம் ஆண்டு வந்தது. வீட்டுப் பணியாளரும் தொழிலாளரே என்று கூறும் சர்வதேசத் தொழில் அமைப்பின் 189ஆம் இலக்கச் சமவாயம் 2011இல் நிறைவேறியது. பராமரிப்புக்கென ஒக்டோபர் 29 குறிக்கப்பட்டதோ 2023இலேதான். முதியவரை நினைத்த உலகம், அவர் அருகே நின்ற பெண்ணை நினைக்க முப்பத்து மூன்று ஆண்டுகள் சென்றன. என்னை மட்டும் குறைசொல்வதற்கில்லை என்று ஆறுதலடையலாம். ஆனால் என் கடிதத்தை ஐக்கிய நாடுகள் சபை எழுதித் தராது.

ஆகவே நானே எழுதினேன். பாரிசவாதத்தால் படுக்கையிலிருந்த 78 வயது மூதாட்டியைப் பதினான்கு மாதம் இரவு பகலாகப் பராமரித்தார். படுக்கைப் புண் வராமற் காத்தார். மருந்தை நேரந் தவறாமற் கொடுத்தார். பேசமுடியாதவரின் பேச்சை விளங்கிக்கொண்டார். சம்பளம் இவ்வளவு, விடுமுறை வாரத்தில் இரண்டு நாள் என்று எழுதி ஒப்பமிட்டேன். நான் எழுதிய கல்வெட்டுகளுள் வெண்பா இல்லாதது அது ஒன்றுதான். அதன் முதல் வரியில் அவருடைய முழுப்பெயரும் இருக்கின்றது.

நேயர்களே, உங்கள் வீட்டிலும் அப்படியொருவர் இருந்தால், கல்வெட்டு அச்சாகும் வரை காத்திருக்க வேண்டாம். அவருடைய முழுப்பெயர் உங்களுக்குத் தெரியுமா என்று இன்றே பாருங்கள். அவருடைய தாயை யார் பார்க்கிறார்கள் என்றும் கேளுங்கள்.